துப்பாக்கியின் விலைக்குச் சமமாக ஸ்கோப்புக்கும் செலவழிக்க வேண்டுமா?

கேள்வி: ஆகஸ்ட் 5, 2023

டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் இருக்கிறேன். வேட்டைக் கல்விச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ரூகர் அமெரிக்கன் ரைஃபிள் ஒன்றை 530 டாலருக்கு எடுத்திருக்கிறேன். அலுவலக நண்பர் லானோ பக்கம் குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலத்தில் நவம்பரில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போவதாகத் திட்டம். துப்பாக்கிக்குக் கொடுத்த அளவு பணத்தை ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கத் துப்பாக்கியின்மேல் பொருத்தும் தொலைநோக்கி) கொடுக்க வேண்டும் என்கிறார் ஒருவர். இரண்டு மடங்கு கொடு என்கிறார் இன்னொருவர். கடைக்காரரோ 99 டாலர் ஸ்கோப்பே போதும் என்கிறார். விளக்கம் பிறகு இருக்கட்டும், ஒரு தொகையைச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 5, 2023, இரவு

ஸ்கோப்புக்கு 300 டாலர், அதைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்தும் வளையங்களுக்கு 60 டாலர். துப்பாக்கியின் விலைக்குச் சமம் என்ற விதியில் கணக்கும் இல்லை, காரணமும் இல்லை. அதே ஸ்கோப்பை 2,000 டாலர் துப்பாக்கியின்மேல் ஏற்றினாலும் அதற்குள்ளே இருக்கும் கண்ணாடிக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. இரண்டு மடங்கு கொடு என்பவரிடம், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று ஊரில் சொல்வதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 6, 2023

நேற்று தொகையை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லானோ பக்கத்து நிலம் ஓக்கும் ஜூனிப்பரும் மண்டிக் கிடக்கும் கரட்டுக்காடு. அங்கே பரணில் உட்கார்ந்துதான் சுடுவீர்கள். பரணிலிருந்து மக்காச்சோளம் தூவும் தீவனப் பெட்டி வரைக்கும் பெரும்பாலும் 80 முதல் 120 கஜம்தான் இருக்கும். எவ்வளவு திறந்த வெளியாக இருந்தாலும் முதல் ஆண்டிலேயே 200 கஜத்துக்கு மேல் நீங்கள் சுடக்கூடாது. .308 துப்பாக்கியை 100 கஜத்தில் ஜீரோ செய்துவைத்தால், அதாவது குறிவைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி சரிசெய்துவைத்தால், 200 கஜத்தில் தோட்டா ஏறத்தாழ 4 அங்குலம் தாழ்ந்து போகும். மானின் உயிர்நிலையோ ஏறக்குறைய 8 அங்குல வட்டம். குறியைத் தோள்பட்டைக்குப் பின்னே சற்று உயர்த்திப் பிடித்தாலே கணக்கு முடிந்துவிடுகிறது. அதாவது, ஜீரோ செய்த நாளுக்குப் பிறகு குறியை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தும் ஸ்கோப்பின் திருகுகளை நீங்கள் தொடவே வேண்டியதில்லை.

விலை ஏறும் இடம் அந்தத் திருகுதான். 700 கஜத்தில் இரும்புத் தகட்டைச் சுடுபவர் ஒரு நாளில் நூறு முறை அதை ஏற்றி இறக்குவார். ஒவ்வொரு முறையும் சொன்ன அளவுக்கு நகர்ந்து, சொன்ன இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். அந்த நம்பகத்துக்கு அவர் 1,500 டாலர் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. திருகின் மூடியைக் கழற்றவே போகாத நீங்கள் எதற்கு அதைக் கொடுக்க வேண்டும்?

ஆகஸ்ட் 9, 2023

நீயே ஆயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியவன்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான். அந்தக் கதையை மறைத்துவிட்டுப் புத்தி சொல்வது சரியில்லை.

2016-இல் நான் வாங்கிய முதல் ஸ்கோப்பின் விலை 90 டாலர். துப்பாக்கி வாங்கிய கடையிலேயே அதைப் பொருத்தியும் கொடுத்தார்கள். சுடுதளத்தில் தோட்டாக்கள் ஓரிடத்தில் விழாமல் அலைந்தன. நான் புதியவன் என்பதால் குற்றம் என் விரலில்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நவம்பரில் 110 கஜத்தில் அசையாமல் நின்ற பெண்மானைத் தவறவிட்டபோது, பரணில் உடனிருந்தவர் ஸ்கோப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அந்த ஒரு பிதுக்கல் எனக்கு ஆயிரம் டாலர் செலவு வைத்தது. அடுத்த கோடையில் 3.5-18×44 அளவில் (3.5 முதல் 18 மடங்கு உருப்பெருக்கம், 44 மில்லிமீட்டர் முன்லென்ஸ்), பெயரைச் சொன்னாலே சுடுதளத்தில் தலைகள் திரும்பும் ஐரோப்பிய ஸ்கோப் ஒன்றை 1,100 டாலருக்கு வாங்கி, நானே பொருத்தினேன். 2017 நவம்பரில் 95 கஜத்தில் மறுபடியும் குறி தப்பியது.

டிசம்பரில் சுடுதளத்துக்குப் போய் மேசையில் மணல்மூட்டையின்மேல் துப்பாக்கியை வைத்துச் சுட்டபோது, ஐந்து தோட்டாக்கள் ஐந்து அங்குலத்துக்குப் பரவின. பக்கத்து மேசையில் இருந்த முதியவர் எழுந்து வந்தார். எதுவும் கேட்காமல் ஸ்கோப்பின் முனையை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்தார். துப்பாக்கி நின்ற இடத்தில் நின்றது, ஸ்கோப் ஆடியது. வளையங்களுக்கு அடியில், துப்பாக்கியின் உடலோடு சேரும் தட்டில் இரண்டு திருகுகள் தளர்ந்திருந்தன. 2016-இல் கடையில் முறுக்காமல் விட்ட திருகுகள் அவை. புதிய ஸ்கோப்பை ஏற்றும்போது நான் வளையங்களை மட்டும் மாற்றியதால், அவற்றைப் பார்க்கவே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; நான் ஒரு படி மேலே போய்ப் புதுக் கூடமே கட்டிவிட்டேன்.

பிறகு வாங்கிய சாதனம், எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் முறுக்குச்சாவி. 45 டாலர். வளையத்தின் மேல்மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 15 முதல் 18 அங்குல-பவுண்டு என்கிறார்கள்; உங்கள் வளையத்தோடு வரும் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். கையால் உத்தேசமாக முறுக்கினால் ஒன்று தளரும், அல்லது குழாய் நசுங்கும்.

ஆகஸ்ட் 10, 2023

திருத்தம்: 1,100 அல்ல, வரியோடு 1,190 டாலர். இந்தத் தகவலை வழங்கியவர் என் மனைவி. ரசீதை ஆறு ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 14, 2023

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது, 90 டாலர் ஸ்கோப் மீது எந்தக் குற்றமும் இல்லை என்ற எண்ணத்தை அது உண்டாக்குவதாகத் தோன்றுகிறது. அப்படி இல்லை. தட்டுத் திருகுகளைச் சரிசெய்த பிறகு, நியாயம் செய்வதற்காகவே அந்தப் பழைய ஸ்கோப்பை மீண்டும் ஏற்றிச் சதுரச் சோதனை செய்து பார்த்தேன். முதல் தோட்டாவைச் சுட்டுவிட்டுத் திருகை 40 கிளிக் மேலே, பிறகு 40 வலது, 40 கீழே, 40 இடது என்று ஒவ்வொரு மூலையிலும் சுட வேண்டும். கிளிக் ஒன்றுக்குக் கால் எம்.ஓ.ஏ. (கோணத்தை அளக்கும் அலகு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்றால், 100 கஜத்தில் 10 அங்குலச் சதுரம் கிடைத்து, கடைசித் தோட்டா முதல் தோட்டாவின் பக்கத்திலேயே வந்து விழ வேண்டும். எனக்கு மேலே 8 அங்குலம்தான் நகர்ந்தது. திரும்பி வந்தபோது தொடங்கிய இடத்திலிருந்து இரண்டரை அங்குலம் விலகி நின்றது. போதாக்குறைக்கு, இரண்டு பெட்டித் தோட்டாக்கள் தீர்வதற்குள் ஜீரோவே இடம் மாறிவிட்டது.

ஆக, நோய்கள் இரண்டு இருந்தன. ஒன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் மற்றதை மறக்க இருந்தேன். .308-இன் பின்னுதை ஒவ்வொரு முறையும் ஸ்கோப்பின் உட்குழாயை உலுக்குகிறது. 99 டாலரில் அதைத் தாங்குபவையும் இருக்கலாம், ஆனால் உங்களுக்கு வாய்ப்பது எது என்பது சீட்டுக் குலுக்கல். என் பழைய ஸ்கோப் இப்போது மகளுடைய .22 துப்பாக்கியில் இருக்கிறது. பின்னுதை என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை என்பதால் ஒரு குறையும் சொல்லாமல் உழைக்கிறது.

ஆகஸ்ட் 15, 2023

ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 கஜத்தில் ஒரு அங்குலம் அல்ல, 1.047 அங்குலம், ஆகவே சதுரத்தின் பக்கம் 10.47 அங்குலம் என்று திருத்தியிருக்கிறார்கள். சரி. அரை அங்குலத்துக்கா சண்டை என்று முதலில் நினைத்தேன். 500 கஜத்தில் அதே 10 எம்.ஓ.ஏ. 50 அங்குலத்துக்குப் பதிலாக 52.35 ஆகிவிடுகிறது என்பதால், தொலைதூரத்தில் சுடுபவர்களுக்கு இந்தச் சண்டை அவசியம்தான். என் 8 அங்குலம் இன்னும் மோசமாகத் தெரிகிறது என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை.

ஆகஸ்ட் 27, 2023

வெளிச்சத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை என்ற குறை நியாயமானது. விலையுயர்ந்த கண்ணாடிக்காக வாதாடுபவர்களின் வலுவான ஆயுதமே அந்தி நேரம்தான்.

பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி எறிந்துவிடும். ஒரு ஸ்கோப்புக்குள் 16 பரப்புகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், கண்ணுக்கு வந்து சேர்வது 52 சதவீதம்தான். 1935-இல் ஜெனாவில் இருந்த ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகு இந்தக் கணக்கே மாறியது. இழப்பைப் பரப்புக்கு அரை சதவீதமாகக் குறைத்தால், அதே 16 பரப்புகளைக் கடந்து 92 சதவீதம் வந்துவிடும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், முன்பு விலையுயர்ந்த ஸ்கோப்புகளில் மட்டுமே இருந்த பல அடுக்குப் பூச்சு இப்போது 300 டாலர் ஸ்கோப்பிலும் வருகிறது. மிச்சமிருக்கும் வித்தியாசம் சில சதவீதங்கள்தான். அந்தச் சில சதவீதங்களின் விலைதான் ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

இதை நான் வாயால் சொல்லவில்லை, உட்கார்ந்து பார்த்தேன். 2019-இல் இரண்டாவது துப்பாக்கிக்காக லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40 ஒன்றை 300 டாலருக்கு வாங்கினேன். அக்டோபர் மாதத்து மேகமில்லாத மாலை ஒன்றில், 100 கஜம் தள்ளியிருந்த ஓக் மரத்தில் பழைய மான்கொம்பு ஒன்றை ஆணியடித்து மாட்டிவிட்டு, இரண்டு ஸ்கோப்புகளையும் 6 மடங்கில் வைத்து, கொம்பின் கிளைகளை எத்தனை மணி வரைக்கும் எண்ண முடிகிறது என்று பார்த்தேன். சூரியன் மறைந்த 34-ஆவது நிமிடத்தில் 300 டாலர் ஸ்கோப் கைவிட்டது. 1,190 டாலர் ஸ்கோப் 43-ஆவது நிமிடம் வரைக்கும் காட்டியது. ஒன்பது நிமிடத்துக்கு 890 டாலர், அதாவது நிமிடத்துக்கு 99 டாலர். உங்கள் கடைக்காரர் ஒரு முழு ஸ்கோப்புக்குச் சொன்ன விலை.

டெக்சாஸில் மான் வேட்டைக்குச் சட்டம் அனுமதிக்கும் நேரம், சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை. நான் விலை கொடுத்து வாங்கிய ஒன்பது நிமிடங்களும் அந்த எல்லைக்கு அப்பால் கிடந்தன.

ஜெர்மனியில் கதை வேறு. அங்கே காட்டுப்பன்றியை நிலவொளியில் காத்திருந்து சுடும் வழக்கம் இருக்கிறது. 8×56 என்ற கனத்த ஸ்கோப் அதற்கென்றே பிறந்தது. 56-ஐ 8-ஆல் வகுத்தால் 7 மில்லிமீட்டர்; ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. இருட்டில் இளைஞரின் கண்மணி விரியும் அகலமும் ஏறக்குறைய அதுதான். அந்த வேட்டைக்காரருக்குக் கடைசிச் சதவீதம் வரைக்கும் பயன் உண்டு. 51 வயதாகும் எனக்கு அந்த ஒளிவட்டத்தின் ஓரம் கண்மணிக்குள் நுழையாமலே வீணாகிவிடும். உங்கள் 3-9×40-ஐ அந்தியில் 9-இல் வைத்தால் ஒளிவட்டம் 4.4 மில்லிமீட்டராகச் சுருங்கும். 5-க்கு இறக்கினால் 8 ஆகிவிடும். உருப்பெருக்கத்தை மாற்றும் இந்த வளையத்தைத் திருப்புவதற்குக் கட்டணம் கிடையாது.

ஆகஸ்ட் 28, 2023

நேற்று நான் எழுதிய சோதனை மேகமில்லாத மாலையில் நடந்தது என்பதை வைத்து ஒருவர் பிடித்துக்கொண்டார். மழைமேகம் மூடிய நாளில், அடர்ந்த மரங்களுக்குள் 300 டாலர் ஸ்கோப் சட்டம் தரும் நேரத்துக்குள்ளேயே கைவிடக்கூடும் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். கேள்வி கேட்டவரின் பரண் ஓடைக்கரை மர நிழலில் இருந்தால், 300-ஐ 450 ஆக்கலாம். 1,190 ஆக்கும் அளவுக்கு அந்த வாதம் நீளாது.

செப்டம்பர் 3, 2023

பாரலாக்ஸ் சரிசெய்யும் குமிழ் இல்லாத ஸ்கோப்பை வாங்கலாமா? வாங்கலாம். கண் நடுவில் இல்லாமல் நகரும்போது குறிக்கோடு இலக்கின்மேல் நகர்வதுபோலத் தெரிவதுதான் இந்தக் கோளாறு. 100 கஜத்துக்கு அமைத்த 40 மில்லிமீட்டர் லென்ஸ் ஸ்கோப்பில், கண்ணை ஓரத்தின் ஓரத்துக்கே கொண்டு போனாலும், 200 கஜத்தில் வரக்கூடிய பிழை 20 மில்லிமீட்டர். முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் ஒரே இடத்தில் பதிக்கப் பழகினால் அதுவும் இராது. அந்தக் குமிழுக்காக மட்டும் கூடுதலாகப் பணம் கொடுக்காதீர்கள்.

செப்டம்பர் 17, 2023

கேட்டவர் இப்போது 6-24×50 பக்கம் சாய்கிறார் என்று தெரிகிறது. அதே 300 டாலருக்கு அவ்வளவு உருப்பெருக்கம் கிடைக்கும்போது 9-ஓடு ஏன் நிற்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அதே பணத்தில் 24 மடங்கு கொடுக்கிறார்கள் என்றால், வேறு எங்கோ குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். அது கண்ணாடியாக இருக்கும் அல்லது திருகாக இருக்கும். இதைவிடப் பெரிய தொல்லை, பார்வைப் பரப்பு. 3 மடங்கில் 100 கஜத்தில் சுமார் 33 அடி அகலம் தெரியும். 9-இல் 14 அடிக்குள் சுருங்கும். 18-இல் ஆறடி கிடைத்தால் அதிகம். 2018-இல் நான் ஸ்கோப்பை 18-இல் வைத்துவிட்டு மறந்துபோய்ப் பரணில் உட்கார்ந்திருந்தேன். 70 கஜத்தில் மான் வந்தது. துப்பாக்கியைத் தூக்கி உள்ளே பார்த்தால் முழுக்க முழுக்கப் பழுப்பு நிறம். அது மானின் விலாவா, காய்ந்த புல்லா, ஓக் மரப்பட்டையா என்று ஆராய்ந்து முடிப்பதற்குள், காலடிச் சத்தம் வேலியைத் தாண்டிவிட்டது. குறைந்த உருப்பெருக்கமே 6 என்றால், உங்களுக்கும் ஒரு நாள் இந்தப் பழுப்பு நிறத் தரிசனம் கிடைக்கும். எடையையும் பாருங்கள்: பெரிய ஸ்கோப்புகளில் சில ஒரு கிலோவைத் தொடுகின்றன. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு உயரமான வளையம் வேண்டியிருக்கும். வளையம் உயர்ந்தால் கன்னம் கட்டையை விட்டுக் கிளம்பிவிடும்.

செப்டம்பர் 24, 2023

காட்டுப்பன்றிக்கும் அதே ஸ்கோப் உதவுமா என்ற கேள்வி இடையில் வந்தது. பகலில் உதவும். டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு, பன்றியை ஆண்டு முழுவதும் இரவிலும் வேட்டையாடலாம். 2019 செப்டம்பரிலிருந்து அதற்கு வேட்டை உரிமமும் தேவையில்லை. ஆனால் நிலவில்லாத இரவில் எந்தக் கண்ணாடி ஸ்கோப்பும் இருட்டைத்தான் பெரிதாக்கிக் காட்டும். அதற்கு உடல்வெப்பத்தைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் வேண்டும். அது தனிச் செலவு, தனிப் பைத்தியம். இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரு ஸ்கோப் என்று யோசித்தால், இரண்டுக்கும் உதவாத ஒன்றில்தான் போய் நிற்பீர்கள்.

அக்டோபர் 8, 2023

ஸ்கோப்பில் ஆவி படிவது பற்றி. மார்க்கஸ் லூபோல்ட் ஒரு மானைக் குறிவைத்தபோது ஸ்கோப்புக்குள் ஆவி படிந்து குறி தப்பியதாகவும், அந்தக் கோபத்தில் ஓரிகனில் இருந்த தங்கள் நிறுவனத்தில் அவர் ஸ்கோப் செய்யத் தொடங்கியதாகவும் சொல்வார்கள். 1947-இல் உள்ளே நைட்ரஜன் நிரப்பிய ஸ்கோப்பை அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று 150 டாலர் ஸ்கோப்பிலும் அந்த நைட்ரஜன் இருக்கிறது. ஆனால் அது உள்ளே படியும் ஆவியை மட்டும்தான் தடுக்கும். 2021-இல் குளிர்ந்த காலை ஒன்றில், மானைப் பார்த்த பரபரப்பில் நான் விட்ட பெருமூச்சு நேராகக் கண்பக்கத்து லென்ஸில் போய்ப் படிந்தது. 1,190 டாலர் ஸ்கோப் கறந்த பால் நிறத்துக்கு மாறியது. சட்டைப்பையில் ஒரு பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவாதத்தையும் கணக்கில் சேருங்கள். லூபோல்ட், வோர்டெக்ஸ் ஆகிய இரண்டும் ஆயுள் முழுமைக்கும் உத்தரவாதம் தருகின்றன. நீங்கள்தான் முதலில் வாங்கியவர் என்று காட்ட வேண்டியதில்லை என்பதால், பழைய ஸ்கோப்பை வாங்கவும் அஞ்ச வேண்டாம். 450 டாலர் ஸ்கோப்பை 300-க்கு வாங்க அதுவும் ஒரு வழி.

அக்டோபர் 22, 2023

கேட்டவர் 3-9×40 வாங்கி, முறுக்குச்சாவியால் பொருத்தி, ஜீரோவும் செய்துவிட்டார். 100 கஜத்தில் மூன்று தோட்டாக்கள் ஒன்றரை அங்குலத்துக்குள். நான் முதல் ஆண்டில் கனவில்கூடக் காணாத நெருக்கம் அது.

அவர் அனுப்பிய செலவுக் கணக்குதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஸ்கோப் 300, வளையங்கள் 60, முறுக்குச்சாவி 45, பெட்டி 35 டாலர் வீதம் நான்கு பெட்டித் தோட்டாக்கள் 140. மொத்தம் 545. துப்பாக்கி 530. ஸ்கோப்புக்கும் துப்பாக்கி அளவுக்குச் செலவாகும் என்று சொன்னவரை முதல் நாளே கேலி செய்துவிட்டேன். ஸ்கோப்பைப் பயன்படுத்த ஆகும் செலவு என்று அவர் சொல்லியிருந்தால் 15 டாலர்தான் தவறியிருப்பார். அந்தக் கேலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரண்டு மடங்கு சொன்னவருக்கு மட்டும் அந்தச் சுண்டைக்காய் அப்படியே இருக்கட்டும்.

என் பக்கக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 890 டாலர் வித்தியாசத்தில் இதே தோட்டா 25 பெட்டி வரும், 500 தோட்டாக்கள். 2017-இல் நான் ஆண்டு முழுவதும் சுட்டது 60-ஐத் தாண்டாது.

நவம்பர் 4, 2023, இரவு

இன்று வேட்டைக்காலத்தின் முதல் நாள். ஐரோப்பிய ஸ்கோப்பை வீட்டில் விட்டுவிட்டு, 300 டாலர் ஸ்கோப் இருந்த துப்பாக்கியை எடுத்துப் போனேன். ஏழேகால் மணிக்குச் சட்டம் வாசலைத் திறந்தது. ஏழரைக்கு முன்பே 90 கஜத்தில் கொம்பு முளைக்கத் தொடங்கியிருந்த இளம் மான் ஒன்று தீவனப் பெட்டியைச் சுற்றி வந்தது. காதோரத்தில் உண்ணி கடித்த வடு வரைக்கும் தெரிந்தது. சிறியது என்பதால் விட்டுவிட்டேன். உருப்பெருக்கம் 4-இல் இருந்தது. அது போகும்வரை திருப்பத் தோன்றவில்லை.

கேட்டவரிடமிருந்து மதியம் செய்தி வந்தது: 105 கஜம், ஒரே தோட்டா, பெண்மான். தோலுரிக்கத் தெரிந்தவர் யாராவது லானோ பக்கம் இருக்கிறார்களா என்று கேட்கிறார். இதற்கு எவ்வளவு செலவாகும் என்பதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.